மதக் காரணத்தால் கேட்ட அகதிக் கோரிக்கை கனடாவில் மறுக்கப்பட்டால்: மேன்முறையீடு செய்யும் வழி

ஆர்.பி.டி. என்று நாம் சொல்கிற அகதிகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து 'நெகட்டிவ்' வந்துவிட்டது. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் "பெடரல் கோர்ட்டுக்குப் போ" என்பார். இன்னொருவர் "மனிதாபிமான விண்ணப்பம் போடு" என்பார். மூன்றாமவர் தனக்குத் தெரிந்த ஒரு முகவரின் இலக்கத்தைத் தருவார். இவை எல்லாமே உண்மையில் இருக்கிற வழிகள்தான். ஆனால் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு, வரிசை பிசகினால் கதவு மூடிவிடும். நான் இதற்குள் அலைந்தபோது அந்த வரிசையைத் தமிழில் ஒரே இடத்தில் காணமுடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இது சட்ட ஆலோசனை அல்ல. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இங்கே சொல்லும் நாள்கணக்குகளை உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

1. கடிதம் கிடைத்த திகதியை எழுதி வையுங்கள்

முடிவு மின்னஞ்சலில் வந்தால் அதை அழிக்காதீர்கள். தபாலில் வந்தால் உறையையும் வைத்திருங்கள், முத்திரைத் திகதி பிறகு தேவைப்படலாம். எழுத்து மூலமான காரணங்கள் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடுகிறது. உங்களுக்கு ஒரு நாளும் உங்கள் சட்டத்தரணிக்கு வேறொரு நாளும் கிடைத்திருந்தால், முந்திய திகதியையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் பத்திரம்.

அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவு, அதாவது ஆர்.ஏ.டி.க்குப் போவதானால், மேன்முறையீட்டு அறிவித்தலை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாதமும் ஆவணங்களும் சேர்ந்த முழுக் கோவையையும் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த 45 நாளும் அதே முதல் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து 45 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது பிழை. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்.

அறிவித்தல் ஒரு சின்னப் படிவம். பெயர், யூ.சி.ஐ. இலக்கம் (குடிவரவுத் திணைக்களம் உங்களுக்குத் தந்த அடையாள இலக்கம்), ஆர்.பி.டி. கோப்பு இலக்கம், முடிவு கிடைத்த திகதி, தொடர்பு விபரம், பிரதிநிதி இருந்தால் அவருடைய விபரம், அவ்வளவுதான். வாதம் எதுவும் அதில் வேண்டாம். சட்டத்தரணி கிடைக்கவில்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள், நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணமும் இல்லை.

2. உங்களுக்கு எந்தக் கதவு?

பெரும்பாலானோருக்கு ஆர்.ஏ.டி. முதல், பெடரல் நீதிமன்றம் அடுத்தது. ஆனால் சிலருக்கு ஆர்.ஏ.டி. கிடையாது. அமெரிக்க எல்லை வழியாக, பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தின் (முதலில் வந்த நாட்டிலேயே அகதிக் கோரிக்கை வைக்கவேண்டும் என்று கனடாவும் அமெரிக்காவும் செய்தது) விதிவிலக்கில் (இங்கே உறவினர் இருப்பதால், உதாரணமாக) உள்ளே வந்து கோரியவர்களுக்கு இல்லை. முடிவில் 'நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை' அல்லது 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' என்று எழுதப்பட்டவர்களுக்கும் இல்லை. இவர்கள் நேரே பெடரல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், அதற்கும் 15 நாள்தான். ஆகவே முடிவின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். அந்தச் சொற்றொடர் இருந்தால் உடனே சட்டத்தரணியைத் தேடுங்கள்.

இரண்டு கதவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆர்.ஏ.டி. உங்கள் வழக்கைத் தானே மறுபடி எடைபோட்டுப் பார்க்கும், நினைத்தால் நீங்கள் அகதிதான் என்று அதுவே தீர்மானிக்கலாம். பெடரல் நீதிமன்றம் அப்படிச் செய்யாது. முடிவு நியாயமான முறையில் எட்டப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வவிலோவ் தீர்ப்புத்தான் இதற்கு அளவுகோல். நீங்கள் வென்றாலும் அகதி அந்தஸ்து கிடைக்காது, வழக்கு வேறொரு உறுப்பினரிடம், அதாவது அங்கே முடிவெடுக்கும் இன்னொருவரிடம், திரும்பிப் போகும்.

3. ஆளும் காசும்

ஆர்.ஏ.டி. முன்னால் சட்டத்தரணியும் வரலாம், அகதிச் சபையில் (ஆர்.பி.டி.யும் ஆர்.ஏ.டி.யும் இதன் பிரிவுகள்) வழக்குப் பார்க்க உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரும் வரலாம். பெடரல் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்கச் சட்டத்தரணியால் மட்டுமே முடியும். ஆலோசகர் ஒருவர் "கோர்ட் கேஸையும் நானே பார்க்கிறேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தரணியின் உரிமத்தைச் சரிபார்க்க ஒண்டாரியோவில் சட்டத்தரணிகள் சங்கத்தின் இணையத் தேடல் இருக்கிறது, பெயரைப் போட்டால் இரண்டு நிமிட வேலை.

ஒண்டாரியோவில் இருந்தால் காசு கொடுக்க முன்னர், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி தரும் லீகல் எயிட்டைக் கேளுங்கள். வருமானத்தையும் பார்ப்பார்கள், வழக்கில் வலு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆர்.பி.டி.க்குக் கிடைத்த உதவி மேன்முறையீட்டுக்குத் தானாக நீளாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சில நாள் எடுக்கும். முடிவு வந்த கிழமையிலேயே தொடங்குங்கள்.

சொந்தக் காசில் செய்வதானால் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். பெடரல் நீதிமன்ற வேலை இரண்டு கட்டம்: அனுமதி கேட்கும் கட்டம், அனுமதி கிடைத்தால் விசாரணைக் கட்டம். சொல்லப்படும் தொகை இரண்டுக்கும் சேர்த்தா, முதலாவதுக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒண்டாரியோவில் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி அதற்கு மேல் வரும். மொழிபெயர்ப்பு, விசாரணை ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, கூரியர் எல்லாம் தனிச் செலவு. நீதிமன்றத்தின் பதிவுக் கட்டணம் 50 டொலர்தான். தோற்றால் அரசின் செலவையும் கட்டவேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குடிவரவு வழக்குகளில் விசேட காரணம் இல்லாமல் அப்படிக் கட்டளையிடுவதில்லை.

4. மறுப்பைப் பென்சிலோடு படியுங்கள்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. மேன்முறையீடு என்றதும் நம்மவர்கள் செய்வது கதையைத் திரும்பவும், இன்னும் உருக்கமாக எழுதுவது. அதற்கு அங்கே மதிப்பில்லை. ஆர்.ஏ.டி. விதிகளே கேட்பது இதைத்தான்: பிழை என்ன, அது காரணங்களின் எந்தப் பந்தியில் இருக்கிறது, அல்லது ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் இருக்கிறது. இதைச் சொல்லாத மேன்முறையீடு அழுதுவிட்டு வருவது போலத்தான்.

ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் மறுப்பின் பந்தி இலக்கமும் அங்கே சொன்ன காரணமும். இரண்டாவதில் அதுபற்றி விசாரணையில் நீங்கள் என்ன சொன்னீர்கள், ஒலிப்பதிவில் எந்த நேரத்தில். மூன்றாவதில் அதற்கு ஆதாரமான ஆவணமும் பக்கமும். ஒலிப்பதிவு கையில் இல்லையென்றால் அகதிச் சபையிடம் கேட்டு வாங்கி, ஹெட்போன் போட்டு முழுவதையும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். மட்டக்களப்புப் பக்கம் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவர் என்று வையுங்கள். கூட்டமாக வந்து அடித்தார்கள், கதிரைகளை உடைத்தார்கள், பொலிஸ் முறைப்பாட்டை ஒழுங்காக எடுக்கவில்லை. மறுப்பில் இரண்டு காரணம். 18ஆம் பந்தி: தாக்குதல் நடந்த திகதி பி.ஓ.சி. படிவத்தில் (கோரிக்கையின் அடிப்படையை முதலில் எழுதிக் கொடுத்த படிவம்) ஒன்று, முறைப்பாட்டுப் பிரதியில் இன்னொன்று, ஆகவே நம்ப முடியாது. 31ஆம் பந்தி: நம்பினாலும், கொழும்பில் போய் இருக்கலாம். முதலாவதைப் பார்க்கிறீர்கள். முறைப்பாட்டில் இருப்பது பதிவு செய்த திகதி, சம்பவத் திகதி அல்ல. இதை விசாரணையில் ஒரு மணி 12ஆவது நிமிடத்தில் நீங்கள் சொல்லியும் இருக்கிறீர்கள், உறுப்பினர் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை. நல்ல பிழை, குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதோடு நின்றால் தோற்றீர்கள். 31ஆம் பந்தி தனியாகவே உங்கள் கோரிக்கையை வீழ்த்தப் போதும். 'உள்நாட்டிலேயே மாற்று இடம்' என்ற இந்தக் காரணத்தைத் தொடாமல் விட்ட மேன்முறையீடு, மற்றதெல்லாம் வென்றாலும் விழும். இதற்கான இரு கட்டச் சோதனை கனடாவில் ரசரத்தினம், திருநாவுக்கரசு என்ற இரண்டு வழக்குகளிலிருந்து வந்தது. இரண்டும் இலங்கைத் தமிழர்களின் வழக்குகள், 1990களின் முற்பகுதி. அந்த இடத்தில் துன்புறுத்தலுக்குப் பாரதூரமான சாத்தியம் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. உங்கள் நிலையில் அங்கே போய் வாழச் சொல்வது நியாயமா என்பது இரண்டாவது.

மத வழக்குக்கு இங்கே ஒரு தனி வாதம் உண்டு. கொழும்பில் பிரச்சினை வராமல் இருப்பதற்கு நீங்கள் ஜெபக்கூட்டத்தை நிறுத்தவேண்டும், அல்லது நம்பிக்கையை மறைக்கவேண்டும் என்றால், அதைப் பாதுகாப்பு என்று சொல்லமுடியாது. மதச் சுதந்திரத்தில் வெளிப்படையாக வழிபடுவதும் அடங்கும் என்று பெடரல் நீதிமன்றம் 1994இல் பொசு வழக்கில் சொல்லியிருக்கிறது, கானா நாட்டு யெகோவாவின் சாட்சி ஒருவரின் வழக்கு அது. கோயில் வழிபாடு தடுக்கப்பட்ட இந்துவுக்கும், தாக்குதலுக்குப் பயந்த முஸ்லிமுக்கும் இதே வாதம் பொருந்தும்.

இன்னும் மூன்று வகைக் காரணங்கள் மத வழக்குகளில் அடிக்கடி வரும்.

நம்பிக்கை உண்மையானதா என்பது ஒன்று. விசாரணையில் வேத வசனம், பண்டிகை, சடங்கு என்று கேள்வி கேட்டு, பதில் தடுமாறியதால் 'உண்மையான விசுவாசி அல்ல' என்று எழுதியிருப்பார்கள். கேள்விகள் பரீட்சை போல நுணுக்கமாக இருந்தனவா, உங்கள் கல்வி, மதம் மாறிய காலம் இவற்றைக் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள். மிதமிஞ்சிய கோட்பாட்டுப் பரீட்சையை நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது.

அரச பாதுகாப்பு இன்னொன்று. 'பொலிஸ் முறைப்பாட்டை எடுத்தார்கள், ஆகவே பாதுகாப்பு உண்டு' என்பார்கள். எடுத்தபிறகு என்ன நடந்தது என்பதே உங்கள் பதில்.

மூன்றாவது, 'இது பொதுவான பதற்றம், உங்களுக்கென்று ஆபத்தில்லை' என்பது. முஸ்லிம்களுக்கு எதிராக அளுத்கமவில் 2014இலும் திகனவில் 2018இலும் நடந்த வன்முறை, 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய வன்முறை, 2024 சிவராத்திரியில் வெடுக்குநாறிமலைக் கோயிலில் நடந்த கைதுகள் எல்லாம் உண்மை. ஆனால் அவற்றை அடுக்குவதால் மட்டும் உங்கள் வழக்கு நிற்காது. அந்தச் செய்திக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டவேண்டும். அகதிச் சபை ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆவணத் தொகுப்பு வைத்திருக்கிறது, அதில் 12ஆம் பகுதி மதம் பற்றியது. உறுப்பினர் உங்களுக்குச் சாதகமான பக்கத்தை விட்டுவிட்டு எதிரானதை மட்டும் எடுத்தாரா என்று அங்கே தேடுங்கள். கிடைத்தால் அது வலுவான பிழை.

5. ஆர்.ஏ.டி. கோவையில் என்ன இருக்கவேண்டும்

முடிவும் காரணங்களும், நீங்கள் நம்பியிருக்கிற ஒலிப்பதிவுப் பகுதியின் எழுத்துப் பிரதி, ஆர்.பி.டி. ஏற்க மறுத்த ஆவணங்கள் இருந்தால் அவை, புதிய சான்றுகள், சத்தியக் கடதாசி, வாதக் குறிப்பு. வாதக் குறிப்பு 30 பக்கத்தைத் தாண்டக்கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் தொடர் இலக்கம் போடுங்கள், தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் இணையுங்கள். அந்த உறுதிமொழித் தாள் இல்லாத மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பே அல்ல.

புதிய சான்று என்றால் எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. மறுப்புக்குப் பிறகு உருவானது, அல்லது அப்போது நியாயமாகக் கிடைக்கக்கூடியதாக இருக்காதது, அல்லது அப்போது கொடுத்திருப்பீர்கள் என்று எதிர்பார்க்க முடியாதது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். மறுப்பு வந்ததும் ஊருக்குப் போன் அடித்து, போதகரிடமும் கிராம சேவகரிடமும் கடிதம் எடுப்பார்கள். கடிதத்தின் திகதி புதிது, உள்ளே இருப்பது மூன்று வருடத்துக்கு முந்திய சம்பவம். அது புதிய சான்றாகாது. ஏன் முன்னரே எடுக்க முடியவில்லை என்பதைச் சத்தியக் கடதாசியில் விளக்கவேண்டும், விளக்கம் நம்பும்படியாகவும் இருக்கவேண்டும்.

போதகர், குருக்கள், மௌலவி யாருடைய கடிதமானாலும், 'இவர் நல்ல விசுவாசி, உதவி செய்யவும்' என்ற மாதிரிக் கடிதத்தை வாங்காதீர்கள். எப்போதிருந்து தெரியும், வழிபாட்டு இடத்தில் உங்களுக்கு என்ன பொறுப்பு, எந்தச் சம்பவத்தைத் தானே கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் தொடர்பு இலக்கமும் சேர்ந்து வரட்டும். ஒரே வசனங்களோடு மூன்று பேரின் கடிதம் வந்தால் மூன்றையும் சந்தேகிப்பார்கள்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய சத்தியக் கடதாசி விளங்காவிட்டால், அதை ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும், காட்டியதாக அவர் சத்தியம் செய்து கையெழுத்திடவும் வேண்டும். அவசரத்தில் "இங்கே சைன் பண்ணுங்கோ" என்றால் பண்ணாதீர்கள். உள்ளே ஒரு திகதி பிழைத்தாலும் அடுத்த மறுப்பில் அது ஒரு பந்தியாக வரும்.

முன்னைய பிரதிநிதி வேலையைக் கெடுத்தார் என்று வாதிடப்போகிறீர்களா? அவருக்கு அதை அறிவித்து, பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். ஆர்.ஏ.டி.யிலும் நீதிமன்றத்திலும் இதற்கென்று நடைமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றாமல் திட்டி எழுதினால் அந்த வாதத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

பெரும்பாலும் ஆர்.ஏ.டி. தாளை வைத்தே முடிவெடுக்கும், நேரில் கூப்பிடுவது அரிது. 90 நாளில் முடிவு என்று விதி சொன்னாலும், நடைமுறையில் பல மாதம் இழுபடுகிறது.

6. பெடரல் நீதிமன்றம்

ஆர்.ஏ.டி.யும் மறுத்தால், அந்த முடிவு கிடைத்து 15 நாளுக்குள் 'அனுமதிக்கும் நீதி மீளாய்வுக்குமான விண்ணப்பம்' பதியவேண்டும். எதிராளி குடிவரவு அமைச்சர், அவர் சார்பில் நீதித் திணைக்களத்துக்குப் பிரதி கொடுக்கவேண்டும், கொடுத்ததற்கான சான்றையும் பதியவேண்டும். இணையம் மூலமும் பதியலாம். ரொறன்ரோவில் பதிவகம் 180 குயீன் வீதி மேற்கில் இருக்கிறது.

பிறகு விண்ணப்பக் கோவை: விண்ணப்பம், முடிவு, காரணங்கள், சத்தியக் கடதாசி, வாதக் குறிப்பு. இதற்கு வழமையாக 30 நாள். வழக்குகள் குவிந்ததால் 2025 மே மாதம் நீதிமன்றம் தற்காலிகமாக 75 நாளாக நீட்டியது. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று பதிவகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோவை போகாவிட்டால் விண்ணப்பம் தானாகவே விழும்.

இங்கே புதிய சான்று பொதுவாக எடுபடாது. ஆர்.ஏ.டி. முன்னால் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் வழக்கு. 4ஆம் படியில் செய்த மூன்று நிரல் தாளை இப்போது ஆர்.ஏ.டி.யின் காரணங்களுக்கு எதிராகப் புதிதாகப் போடவேண்டும். ஆர்.பி.டி.யின் பிழையை இங்கே சொல்லிப் பயனில்லை. ஆர்.ஏ.டி.யிடம் எழுப்பாத வாதத்தை இங்கே முதன்முதலாக எழுப்பவும் விடமாட்டார்கள்.

முதலில் ஒரு நீதிபதி தாளை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பார் அல்லது மறுப்பார். மறுத்தால் வழமையாகக் காரணம் சொல்லமாட்டார், அதற்கு மேன்முறையீடும் கிடையாது. அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை. நீங்கள் சாட்சி சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணிகள்தான் பேசுவார்கள். போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: அகதிச் சபையின் விசாரணை இரகசியமானது, பெடரல் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் பெயரோடு இணையத்தில் வரும். மதம் மாறிய விடயம் ஊரில் யாருக்கும் தெரியாது, அல்லது குடும்பம் இன்னும் அங்கேதான் என்றால், பெயரை மறைக்கும் கட்டளையை விண்ணப்பத்திலேயே கேட்கலாம், விதி 8.1. தீர்ப்பு வெளிவந்தபின் யோசித்து அதிகம் பயனில்லை.

7. நாடு கடத்தல் எப்போது நிற்கும், எப்போது நிற்காது

ஆர்.ஏ.டி. முடிவை எதிர்த்து உரிய 15 நாளுக்குள் நீதிமன்றம் போனால் வெளியேற்றல் தானாக நிற்கும். நாள் கடந்து, கால நீடிப்புக் கேட்டுப் போனால் இந்தத் தானியங்கிப் பாதுகாப்பு கிடையாது. 16ஆம் நாள் போனால் என்ன என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டுதரம் வாசியுங்கள். 'நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை', 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' என்ற வகையில் மறுக்கப்பட்டவர்களுக்கும் அது இல்லை. அவர்கள் இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்கவேண்டும்: வாதிடத்தக்க கேள்வி ஒன்று இருப்பது, ஈடுசெய்ய முடியாத தீங்கு, யாருக்குப் பாதிப்பு அதிகம் என்ற மூன்றையும் நிறுவவேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் எல்லைச் சேவை அதிகாரிகள் வரச்சொன்ன நாளுக்கெல்லாம் போங்கள். வேர்க் பெர்மிட் முடியும் திகதியைப் பார்த்து முன்கூட்டியே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். வீடு மாறினால் அகதிச் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவை, நீதிமன்றம் நாலு இடத்துக்கும் தனித்தனியே அறிவியுங்கள். ஓரிடத்தில் சொன்னால் மற்ற இடத்துக்குப் போகாது.

8. முடிவு வந்தபிறகு

நீதிமன்றத்தில் வென்றால் ஆர்.ஏ.டி.யில் வேறொரு உறுப்பினர் பார்ப்பார். அந்த இடைவெளியில் நாட்டு நிலைமை பற்றிய புதிய ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே அவற்றைக் கொடுக்கும் வாய்ப்புத் திரும்பவும் வருகிறது.

தோற்றால் வெளியேற்றல் கட்டளை நடைமுறைக்கு வரும். முதலில் அது 'புறப்படும் கட்டளை' வகைதான். 30 நாளுக்குள், விமான நிலையத்தில் அதிகாரியிடம் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வெளியேறினால் அதோடு முடியும். அப்படிச் செய்யாவிட்டால் அது நாடு கடத்தல் கட்டளையாக மாறும், பிறகு திரும்பி வருவதற்கே தனி அனுமதி வேண்டும்.

நாடு கடத்த முன்னர் செய்யும் பி.ஆர்.ஆர்.ஏ. என்ற ஆபத்து மதிப்பீட்டுக்கும், மனிதாபிமானக் காரணங்களுக்காக நிரந்தர வதிவிடம் கேட்கும் மனிதாபிமான விண்ணப்பத்துக்கும் கடைசி மறுப்பிலிருந்து 12 மாதத் தடை இருக்கிறது. நீதிமன்றம் போயிருந்தால் அந்தத் தடை நீதிமன்ற முடிவுத் திகதியிலிருந்து எண்ணப்படும், அதாவது இன்னும் பின்னுக்குப் போகும். பிள்ளைகளின் நலன் பாதிக்கப்படும் என்றாலோ, ஊரில் கிடைக்காத வைத்தியம் இல்லாமல் உயிராபத்து என்றாலோ மனிதாபிமான விண்ணப்பத்துக்கு விதிவிலக்கு உண்டு. பி.ஆர்.ஆர்.ஏ.க்கு அதிகாரி அறிவித்தல் கொடுத்தால் விண்ணப்பிக்க 15 நாள், எழுத்து வாதத்துக்கும் சான்றுக்கும் அதற்குமேல் இன்னொரு 15 நாள். அங்கும் மறுப்புக்குப் பிந்திய புதிய சான்றையே பார்ப்பார்கள். ஆகவே ஊரில் நடப்பவை பற்றிய கடிதம், முறைப்பாட்டுப் பிரதி, செய்தி எது வந்தாலும், வந்த உறையோடும் திகதியோடும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டே வாருங்கள்.